திசை மாறிய பெரிய கோயில்: நெட்டி மாதிரி வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 2023 ஐப்பசி முதல் 2025 ஆவணி வரை எங்கள் கடையில் திருச்சுற்றோடு, அதாவது முற்றமும் அதிலுள்ள சந்நிதிகளும் சேர்த்து, நெட்டி என்ற நீர்ச்செடித் தண்டில் செய்த தஞ்சைப் பெரிய கோயில் மாதிரியை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம். கருவறைமேல் எழும் விமானத்தை மட்டும் தனியாக வாங்கியவர்களுக்கு ஒன்றும் பாதகமில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த மாதிரிகளில் கோயில் இடவலம் மாறிக் கிடக்கிறது. வடக்கே இருக்க வேண்டிய அம்மன் சந்நிதியும் சண்டிகேசுவரர் சந்நிதியும் தெற்கே நிற்கின்றன. தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டிய பிள்ளையார் வடமேற்குக்கும், அங்கே இருக்க வேண்டிய முருகன் தென்மேற்குக்கும் போய்விட்டார்கள். மொத்தம் 41 மாதிரிகள். அத்தனையையும் எங்கள் செலவில் திருத்தித் தருகிறோம்.

உங்களிடம் இருப்பது அந்த 41-ல் ஒன்றுதானா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். நந்தி மண்டபம் உங்கள் பக்கமும் விமானம் அப்பாலும் இருக்கும்படி பெட்டியை மேசைமேல் வையுங்கள். இப்போது நீங்கள் கிழக்கு வாசலில் நின்று மேற்கே பார்க்கிறீர்கள். அம்மன் சந்நிதி வலக்கைப் பக்கம் இருந்தால் மாதிரி சரி. இடக்கைப் பக்கம் இருந்தால் தவறு எங்களுடையது.

கண்டுபிடித்தவர் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா. பேரனின் புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசு வாங்க வந்தவர். விலை கேட்கவில்லை, பேரமும் பேசவில்லை. கண்ணாடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, நந்திக்கு முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக வலம் வர ஆரம்பித்தார். விரல் தெற்குப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது.

“தம்பி, இது யார் சந்நிதி?”

“சண்டிகேசுவரர் அம்மா.”

“எல்லாரையும் கும்பிட்டுவிட்டுக் கடைசியில் வந்து கை தட்ட வேண்டியவர் இவர். கோயிலுக்குள் நுழைந்த உடனே கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்புகிறாரே!”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலை இன்னும் நகர்த்தி மூலைக்குப் போனார். “இங்கே பிள்ளையார் இல்லையா? முருகனா? அப்படியானால் இந்த முறை மாம்பழம் அவனுக்குத்தான்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பெரிய கோயிலில் நந்தி அபிஷேகத்துக்குப் போய் நிற்கிறவன் நான். இரண்டு வருடமாக என் கையாலேயே கோயிலைத் திருப்பிப் போட்டு விற்றிருக்கிறேன்.

எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருச்சுற்று மாதிரிக்கு அப்பா காலத்துத் தரைப்படம் ஒன்று இருந்தது. கோயில் முற்றத்தை அவரே நடந்து அளந்து பழுப்புத் தாளில் வரைந்தது. 2023 மழையில் கூரை ஒழுகி அது ஊறிவிட்டது. கிழிந்து போவதற்குள் படியெடுத்துவிடலாம் என்று மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்தேன். கோடு அட்டையில் பதிய வேண்டுமே என்று தாளைக் கவிழ்த்து வைத்து நாணயத்தால் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் பூகோள வரைபடத்தை இப்படிப் படியெடுத்துக் கிழக்கை மேற்காக்கி வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதே தவறுதான். அப்பா படத்தில் எழுத்து ஒன்றும் எழுதவில்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. ஓரத்தில் போட்டிருந்த வடக்குக் குறியை நான் படியெடுக்கவில்லை. எழுத்து இருந்திருந்தால் இடவலம் மாறித் தெரிந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் விமானம். நட்ட நடுவில், கிழக்கு மேற்காகக் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது. கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் அதில் வித்தியாசம் தெரியாது. பார்க்கிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகிறது, கடைசி வரை அங்கேயே நின்றுவிடுகிறது. எங்கள் கண்ணும் அப்படித்தான்.

அதில் தவறில்லை என்றும் தோன்றுகிறது, மற்றவை அவ்வளவு சிறியவை. இந்த மாதிரி 400-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகிறது. கோயிலின் உள்முற்றம் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். அது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பலகையில் அடங்குகிறது. 216 அடி என்று சொல்லப்படும் விமானம் பதினாறரை சென்டிமீட்டர் உயரம். ஒரே கல்லில் செதுக்கிய அந்தப் பெரிய நந்தி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறது. ஆள் ஒருவரை வைத்தால் நான்கு மில்லிமீட்டர். அதனால்தான் ஆட்களை வைப்பதில்லை. முதல் கோபுரம் எங்கே என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பலகை ராஜராஜன் திருவாசலோடு முடிகிறது. கேரளாந்தகன் திருவாசல் என்ற அந்த முதல் கோபுரம் அதற்கும் வெளியே இருப்பது. அதையும் சேர்த்தால் மாதிரி உங்கள் வீட்டு அலமாரிக்குள் நுழையாது.

நெட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஏரி குளங்களில் நீருக்குள் வளரும் செடியின் தண்டு அது. நீர் நின்ற வருடத்தில் தண்டு பருத்திருக்கும். நீர் இல்லாவிட்டால் எங்களுக்கும் வேலை இல்லை. காயவைத்து, பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே தந்த நிறத்தில் சோறு. கையில் வைத்தால் கனமே தெரியாது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குப் போடும் நெட்டி மாலையும் இதுதான், வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு அணிந்த தொப்பியும் இதுதான். பெரிய கோயில் விமானத்தின் வடபுறத்தில் தொப்பி வைத்த உருவம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். 100-ல் ஒரு பங்கு அளவில் செய்யும் பெரிய விமானத்தில் அதையும் வைக்கிறோம். அந்தத் தொப்பியை நெட்டியில் செதுக்கும்போது மட்டும் பட்டறையில் யாராவது ஒருவர் கட்டாயம் சிரிப்பார்.

நெட்டியில் உளி வேலை செய்யாது, கத்திதான். அதுவும் சாதாரணக் கூர்மை போதாது. நாலு சீவலுக்கு ஒருமுறை கல்லில் தீட்டாவிட்டால் கத்தி அறுப்பதற்குப் பதிலாகப் பிய்க்க ஆரம்பிக்கும். பிய்ந்த இடம் பஞ்சு போல எழும்பி நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பழைய வழவழப்பு வராது. விமானத்தின் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் சதுரத் தட்டாகச் செய்து, ஓரத்தில் கர்ணகூடம், சாலை, பஞ்சரம் என்ற குட்டிக் கோயில் வடிவங்கள் எல்லாவற்றையும் ஒட்டி, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறோம். மேலே போகப் போக ஒவ்வொரு தட்டும் ஒரே சீராகக் குறைய வேண்டும். நடுத்தட்டுகள் அரை மில்லிமீட்டர் குறுகினாலும் போதும், தஞ்சை விமானத்தின் நேர்க்கோடு உள்வாங்கிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது கங்கைகொண்டசோழபுரம். அப்படி வளைந்துபோன தட்டுகளைத் தூக்கி எறிவதில்லை, பெட்டிக்குள் அடைப்பதற்கு வைத்துக்கொள்கிறோம்.

2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிடைத்த பொருளில் இப்படிப் பிழை வரலாமா என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குறியீடு வேலை எந்த ஊருடையது என்பதற்கு. பிள்ளையார் எந்த மூலையில் என்பதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

இனி திருத்தம். மாதிரியை அப்படியே திருப்பி ஒட்டிவிட முடியாதா என்று கேட்கிறார்கள். முடியாது, ஆனால் முழுவதையும் புதிதாகச் செய்யவும் தேவையில்லை. நாங்கள் இன்னும் மைதாப் பசையில்தான் ஒட்டுகிறோம், பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து. கடைப் பசை சீக்கிரம் காயும், கெட்டியாகவும் பிடிக்கும். ஆனால் ஒருமுறை பிடித்தால் நெட்டியைப் பிய்த்துக்கொண்டுதான் விடும். மைதாப் பசை அப்படியில்லை. மெல்லிய தூரிகையால் ஓரத்தில் ஈரம் காட்டி, பொறுமையாக இருந்தால் இளகும். விமானத்தையும் நந்தி மண்டபத்தையும் சேதமில்லாமல் எடுத்துப் புதுப் பலகைக்கு மாற்றிவிடுகிறோம். சிறிய சந்நிதிகள் ஈரத்தில் ஊதிவிடும் என்பதால் அவற்றை மட்டும் புதிதாகச் செய்கிறோம். ஒரு மாதிரிக்கு ஐந்து நாள் ஆகிறது. ஈரம் காயவே அதில் இரண்டு நாள். அடைமழைக் காலத்தில் பிரித்தால் நெட்டி காற்றிலுள்ள ஈரத்தையும் குடித்துக்கொள்ளும் என்பதால் கார்த்திகை முடியும் வரை எந்தப் பெட்டியையும் திறக்கப்போவதில்லை. மார்கழியில் தொடங்குகிறோம். 41-ம் முடியும் வரை திருச்சுற்று மாதிரிக்குப் புதிய ஆர்டர் எடுப்பதாக இல்லை.

திருத்த வேண்டாம் என்று இருவர் சொல்லிவிட்டார்கள். ஒருவர் அஞ்சல்தலை சேகரிப்பவர். அச்சுப்பிழை உள்ள தலைக்குத்தான் விலை அதிகம் என்கிறார். அவர் விருப்பம். ஆனால் அப்படிப்பட்ட மாதிரியின் அடிப்பலகையில் ‘இது திசை மாறியது’ என்று எழுதி ஒட்ட ஒரு சீட்டு அனுப்புவோம், தயவுசெய்து ஒட்டிக்கொள்ளுங்கள். நாளை அதைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கோயிலின் அமைப்பைக் கற்றுக்கொள்ளக் கூடாது.

இந்தக் குழப்பத்தோடு இன்னொரு கேள்வியும் வந்தது. “திருத்துவதுதான் திருத்துகிறீர்கள், ராஜராஜன் கட்டி முடித்த 1010-ல் இருந்தபடியே செய்து கொடுங்கள்” என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். செய்யலாம். ஆனால் அப்போது அம்மன் சந்நிதி இருக்காது, அது பாண்டியர் காலத்தது. முருகன் சந்நிதியும் இருக்காது. கொடிபோல் இழைத்த அந்த வேலை நாயக்கர் காலத்தது. இன்று நாம் பார்க்கும் நந்தியும் அதன் மண்டபமும்கூட நாயக்கர் காலத்தவை. பிள்ளையார் சந்நிதிக்கு இன்றைய உருவம் மராட்டியர் கொடுத்தது. இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் விமானத்தோடு முற்றத்தில் மிஞ்சும் தனிச் சந்நிதி யார் என்று பார்த்தால், சண்டிகேசுவரர். நாங்கள் இடம் மாற்றி வைத்த அதே சண்டிகேசுவரர். கோயிலின் வரவு செலவெல்லாம் அவர் பெயரில் நடந்த காலம் அது. பெரியம்மா அவரிடம் வந்து விரலை நிறுத்தியதில் காரணம் இருக்கிறது. பேராசிரியருக்கு 1010 மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறோம். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் 41-ம் முடிந்த பிறகு கேளுங்கள். முற்றம் வெறிச்சென்று இருக்கிறதே என்று பிறகு சொல்லக் கூடாது.

இனிமேல் செய்யும் ஒவ்வொரு மாதிரியின் அடியிலும் நான்கு விவரங்கள் இருக்கும்: அளவு விகிதம், வடக்குக் குறி, முடித்த தேதி, செய்தவர்களின் பெயர்கள். தாம் கொடுத்ததோடு அக்கன், அதாவது அக்கா, கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் கட்டிய கோயில். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. அப்படியிருக்க, அதை நெட்டியில் செய்கிற எங்கள் ஆட்களின் பெயரை இத்தனை வருடம் எழுதாமல் விட்டதும் ஒரு தவறுதான், அதையும் சேர்த்துத் திருத்துகிறோம்.

திருத்த வரும் பெட்டிகளில் நாங்கள் காணும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். பூஜையறையில் வைக்கிறீர்கள், விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் படிந்து நெட்டி மஞ்சளாகிவிடுகிறது. பக்தி சரி, ஆனால் நெட்டி தீப்பிடித்தால் ஊதி அணைக்க நேரம் கிடைக்காது. கூடத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். இன்னொன்று, ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மேலே படித்தீர்களே, ஈரம் காட்டித்தான் நாங்களே கோயிலைப் பிரிக்கிறோம்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையைச் சோதிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். விழும். தஞ்சாவூரிலும் விழுகிறது.

பெட்டியை நேரில் கொண்டுவர முடிந்தவர்கள் கொண்டு வாருங்கள், மடிமேல் வைத்து வந்தாலும் கனம் தெரியாது. வெளியூர்க்காரர்கள் கூரியரில் போட்டுவிட வேண்டாம். சென்ற வருடம் அப்படிப் போன ஒரு மாதிரியில் கலசம் நந்தியின் மடியில் கிடந்தது. எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சென்னை, மதுரை, கோவைக்கு எங்கள் ஆள் ரயிலில் வந்து வாங்கிக்கொள்வார். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, அம்மன் சந்நிதி இருக்கும் பக்கமே ரசீது.

பெரியம்மாவின் பேரன் வீட்டுக்குப் போக வேண்டிய மாதிரிதான் முதலில் முடியும். அது முடிந்ததும் விரலால் வலம் வந்து பார்க்கத் தாமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பொங்கலன்று கடை திறந்திருக்கும். மாட்டுப் பொங்கலன்று விடுமுறை. அன்று பட்டறையில் மிஞ்சிய நெட்டியெல்லாம் மாலையாகி மாடுகளுக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
நெட்டிப் பட்டறையினர்,
தஞ்சாவூர்