துணைத்தலைவர் கையெழுத்து

அன்புள்ள கண்ணு,

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு நிற்கலாமா என்று ஓசூரிலிருந்து கேட்டிருந்தாய். ஊராட்சியில் கட்சிச் சின்னமே கிடையாதே, அரசியல் எங்கே வரும் என்கிறாய். சின்னம் கிடையாதுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, இரண்டிலும் சுயேச்சைச் சின்னம். ஆனால் அதே பூத்தில் ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சையும் மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சளும் தருவார்கள். அவை கட்சிச் சின்னத்துக்கு. நாலுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்பான்.

அதையாவது சமாளிக்கலாம். நிஜமான வில்லங்கம் ஜெயித்த பிறகு. துணைத்தலைவரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை; வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். காசோலையில் தலைவரும் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். உன்னை மடக்க நினைக்கும் கட்சிக்காரர் உன்னிடம் வரவே மாட்டார். பாதிக்கு மேல் உறுப்பினர்களைப் பிடித்து, துணைத்தலைவரைத் தன் ஆளாக்கிக்கொள்வார். அப்புறம் ஒருநாள் ஊர் போர்வெல் மோட்டார் எரிந்துபோகும். பழைய பாக்கி வராமல் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றமாட்டேன் என்பார் ரீவைண்டிங் கடைக்காரர். காசோலையில் உன் கையெழுத்து மட்டும் இருக்கும். அன்றைக்கு ஒகேனக்கல் தண்ணீரும் வராவிட்டால் காலிக்குடங்கள் உன் வாசலுக்குத்தான் வரும், துணைத்தலைவர் வாசலுக்கு அல்ல.

தர்மபுரியில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். கலெக்டர் தலையிட வழியுண்டு, ஆனால் அவர் கேட்பது காகிதம். ஒவ்வொரு பில்லையும் மாதக் கூட்டத்தில் வைத்துத் தீர்மான எண் போடு, வருகைக் கையெழுத்து வாங்கு. காசோலையைத் தபால் புத்தகத்தில் பதிந்து துணைத்தலைவருக்கு அனுப்பு. வாயால் மறுத்தால் போதாது, தேதியோடு எழுத்தில் வரவேண்டும். கிராம சபையிலும் கவனம்: 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊரில் கூட்டம் செல்ல 100 பேர் வந்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்துக் கணக்குக் காட்டும் பழக்கம் பல ஊரில் உண்டு. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

இன்னொன்று. ஜெயித்ததும் டேங்க் ஆபரேட்டரை மாற்று என்று உன் ஆட்களே கேட்பார்கள். மாற்றாதே. வால்வு திறக்கும் கை மாறினால், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்பதே கட்சிக் கணக்காகிவிடும்.

டெபாசிட்டை நினைத்துப் பயப்படாதே, 2019-இல் 600 ரூபாய்தான். எந்தெந்த வார்டில் யார் யார் நிற்கப்போகிறார்கள் என்று விசாரித்து எழுது. அந்தப் பெயர்களைப் பார்த்த பிறகு நீ நிற்பதைப் பேசலாம்.

அப்பா