சோலைக்கிளிக்கு மரம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சோலைக்கிளி பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த மலைப் பறவைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதைக் காப்பாற்ற மலைச்சரிவெங்கும் மரக்கன்று நட வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் வட்டவடையில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறவன். எங்கள் ஊரைச் சுற்றி மரத்துக்குப் பஞ்சமில்லை. பார்க்கும் பக்கமெல்லாம் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம்தான். அந்தத் தோப்புகளின் நடுவே சோலைக்கிளியின் பாட்டைக் கேட்டவர் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

பெயரில் கிளி இருந்தாலும் இது சிட்டுக்குருவி அளவே உள்ள கருநீலக் குருவி. கால்கள் நீளம். பெரும்பாலும் தரையிலும் தரையை ஒட்டிய புதரிலுமே வாழ்கிறது. சோலை எனப்படும் ஈரமான மலைக்காட்டுக்குள் வெளிச்சம் குறைந்த இடத்தில், மட்கிய இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். கோடை மழைக் காலத்தில் மரப்பொந்திலோ ஓடைக் கரையின் மண்பொந்திலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கூடு கட்டி, வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும். விடியலிலும் அந்தியிலும் பாட்டு நன்றாகக் கேட்கும். பறவை எளிதில் கண்ணில் படாது. ஆக, அதற்கு வேண்டியது உயரமான மரம் மட்டுமல்ல. மரத்தடியில் இருக்கிற குறிஞ்சிப் புதர், பெரணி, ஈர மண், சருகு எல்லாம் வேண்டும். கிராண்டிஸ் தோப்பில் காய்ந்த பட்டையும் இலையும் உதிர்ந்து கிடக்கும், அவ்வளவுதான். மரத்தை எண்ணிக் காட்டை அளக்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

இன்னொன்று. நீலகிரியில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே பறவை என்று கட்டுரை சொல்கிறது. நீலகிரிப் பறவையை 1844-இல் ஜெர்டன் என்ற இயற்கை ஆய்வாளர் விவரித்தார். பழனி மலைப் பறவையை 1868-இல் பிளான்ஃபோர்ட் என்ற இன்னோர் ஆய்வாளர் தனியாக விவரித்தார். பிறகு நெடுங்காலம் இரண்டையும் ஓரினமாகச் சேர்த்து எழுதியவர்கள் உண்டு. கட்டுரையாளரும் அப்படியொரு பழைய நூலைப் பார்த்திருக்கலாம். இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. மலை உச்சிக் குளிரில் வாழும் இந்தக் குருவி அந்த வெக்கையான தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. பறவை ஆய்வாளர் வி.வி. ராபினின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, இப்பறவைகளுக்கென்றே புதிய பேரினம் ஒன்றை 2017-இல் அமைத்தார்கள். கணவாய்க்கு வடக்கே ஓரினம், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இன்னோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பதையும் அவர்கள் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

நான் மிகவும் யோசித்தது அதே ராபினும் இன்னோர் ஆய்வாளரும் 2016-இல் வெளியிட்ட பாட்டு ஆய்வைப் பற்றித்தான். பழைய கணவாய்கள் பிரித்த கூட்டங்களின் பாட்டுகள் வேறுபடுவதில் வியப்பில்லை. அண்மைக் காலத்தில் காடு அழிந்ததால் துண்டுபட்ட கூட்டங்களின் பாட்டிலும் வேறுபாடு தெரிகிறதாம். கணவாயை உண்டாக்க இயற்கைக்கு மிக நெடுங்காலம் ஆயிற்று. தேயிலை, யூகலிப்டஸ், வாட்டில் மரம் என்று நட்டு நாம் சில தலைமுறைகளுக்குள் அந்த வேலையை முடித்துவிட்டோம்.

எங்களுக்கு அருகிலிருக்கும் பாம்பாடும் சோலைதான் கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு வெளியே ஓடையோரங்களிலும் மலை மடிப்புகளிலும் எஞ்சியிருக்கிற சோலைத் துண்டுகள் எந்தப் பட்டியலிலும் வராதவை. தங்கும் விடுதிக்காரர்கள் காட்சி தெரியட்டும் என்று அடிப்புதரை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். எங்கள் ஆட்களும் விறகுக்கு அங்கேதான் போகிறார்கள், மறைக்க என்ன இருக்கிறது? மரம் நிற்கும், படம் பிடித்தால் பச்சையாகத் தெரியும், குருவிக்கு ஒளியவும் இரை தேடவும் இடம் இருக்காது.

புல்வெளியில் கன்று நடுவதோ அதைவிட மோசம். புல்வெளியும் சோலையும் சேர்ந்ததுதான் இந்த மலைக்காடு. வரையாடு மேய்கிற இடத்தில் குழி தோண்டினால் இரண்டுக்கும் கேடு. செலவழிக்கப் பணம் இருந்தால் ஓடைக்கரைகளில் நிற்கும் கிராண்டிஸை அகற்றி, அந்த இடத்தில் சோலைச் செடிகள் தாமாக முளைக்க விடலாம். விறகு நம்பி வாழ்கிற வீடுகளுக்கு எரிவாயு உருளையை மலிவாகத் தரலாம்.

கடைசியாக, கட்டுரையுடன் வந்த படத்தில் உள்ள பறவைக்கு விலாப்புறம் செம்பழுப்பாக இருக்கிறது. அது நீலகிரிப் பறவை. எங்கள் பக்கத்துப் பறவைக்கு விலாவும் நீலம், அடிவயிறு மட்டும் வெண்மை. 'மூணாறு சோலையில்' என்ற படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வட்டவடை, இடுக்கி மாவட்டம்.