எடை போடாமல் விற்கப்படும் கார் ஏ.சி. கேஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை தொடங்கியதிலிருந்து சேலத்துப் பட்டறைகளில் ஏ.சி. பழுதுபார்க்க வரும் கார்கள் வரிசையில் நிற்கின்றன. குளிர்ச்சியே இல்லை, சூடான காற்றுதான் வருகிறது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் “கேஸ் இறங்கியிருக்கும், ஏற்றிவிடலாம்” என்ற பதில் வந்துவிடுகிறது. ஒரே காருக்குப் பதினோரு மாதங்களில் மூன்று முறை இந்தப் பதிலைக் கேட்டுப் பணம் கொடுத்தவன் என்ற முறையிலும், முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையிலும் (ஏமாந்துபோனதில் இந்த இரண்டாவது தகுதிதான் அதிக வெட்கத்தைத் தருகிறது) இது பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. கம்ப்ரசர் அழுத்த, கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகி, காருக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மீண்டும் ஆவியாகி, மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிவருகிறது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரசரின் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் மூன்று மாதத்தில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். அதைத் தேடாமல் மறுபடியும் நிரப்புவது, அடியில் விரிசல் விட்ட குடத்துக்குக் குழாயடியில் வரிசை நிற்பதைப் போன்றது.

நான்காவது முறையாக நான் சென்றது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு சிறிய பட்டறைக்கு. அங்கிருந்த பெரியவர் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டுவதற்கு முன்னால் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கலந்து சுற்றுவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அதன்மேல் புழுதி அப்பிக்கொள்ளும் என்று சொல்லி, கண்டென்சரின் கீழ் மூலையில் கறுத்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். பிறகு நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றிச் சோப்பு நுரையைத் தடவியபோது அந்த இடத்தில் குமிழ்கள் வந்தன. முந்தைய மூன்று பட்டறைகளில் எவரும் செய்யாத இந்தச் சோதனைக்கு ஆன நேரம் அரை மணிதான்.

கண்டென்சரை மாற்றிய பின் அவர் உடனே கேஸ் ஏற்றவில்லை. வேக்குவம் பம்பை வைத்து அரை மணிக்கும் மேலாகக் காற்றை உறிஞ்சவிட்டார். இதன் காரணத்தை நம் ஊர்க்காரர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் மிகக் கீழே கொண்டுபோனால் அறை வெப்பத்திலேயே கொதிக்கும். குழாய்க்குள் தங்கிய ஈரம் அப்படித்தான் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த ஈரத்தை விட்டுவைத்தால், கூலிங் காயிலுக்குள் திரவத்தைச் சிறிது சிறிதாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும்; கால் மணி நேரம் நன்றாகக் குளிர்ந்த ஏ.சி. பிறகு வெறும் காற்றை வீசும்.

அடுத்து அவர் சிலிண்டரைத் தராசில் வைத்தார். என் காரின் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆர்-134ஏ (கேஸின் பெயர்), 450 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது, அவ்வளவே ஏற்றினார். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவது ஏன் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடாதபோது, உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 30 டிகிரியில் 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 பவுண்டு என்றே முள் காட்டும். எஞ்சின் ஓடும்போதோ வெயில், ஃபேன் வேகம், கம்ப்ரசரின் நிலை எல்லாம் சேர்ந்து முள்ளை அசைக்கின்றன. அளவுக்கு மீறி ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும்; அழுத்தம் எல்லை தாண்டும்போது சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும்.

சூடான காற்றுக்கெல்லாம் கேஸ்தான் காரணம் என்பதும் இல்லை. பைபாஸில் ஓடும்போது குளிர்ந்து, ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் ஃபேனையும் கண்டென்சரில் படிந்த தூசியையும்தான்.

கசிந்த கேஸ் எங்கே போகிறது என்பதும் நம்மைச் சார்ந்த கேள்வியே. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, கரியமில வாயுவின் சுமார் 1,430 கிலோவுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி என் காரின் 450 கிராமும் கசிந்திருந்தால், ஒவ்வொரு முறையும் வீணாகப் போனது சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க மாண்ட்ரியல் உலக ஒப்பந்தத்தில் செய்யப்பட்ட கிகாலி திருத்தத்தை 2021-இல் ஏற்ற நாடு நம்முடையது.

சூரமங்கலம் உழவர் சந்தையில் கால் கிலோ கத்தரிக்காயைக்கூட முத்திரையிட்ட தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். கிராம் கணக்கில் ஏற்ற வேண்டிய கேஸுக்கோ “ஃபுல் கேஸ்” என்று ஒரே வரியில் பில் போடுகிறார்கள். ஏற்றிய கேஸின் பெயர், எடை, கசிவுச் சோதனை செய்த விவரம் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதுவதைக் கட்டாயமாக்க, எடை அளவுகளைக் கண்காணிக்கும் தொழிலாளர் துறை அதிகாரிகளும் மாவட்ட நிர்வாகமும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.