பள்ளிப் பயண அணியின் ஓராண்டு: ஸ்கேட்போர்டு சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பயிற்றுநர்களே, அணியில் உள்ள தம்பி தங்கைகளே, அவர்களை எங்களை நம்பி அனுப்பிவைக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவு பெற்ற நமது சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு விதிப்படி கூடியது. உறுப்பினர் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போல் மே மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பான காலை வேளைகளில் நடந்தது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இந்த ஆண்டில் நம் நேரத்திலும் பணத்திலும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பள்ளிப் பயண அணியைப் பற்றி மட்டுமே இந்த அறிக்கையில் பேச விரும்புகிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலும் அதற்குச் சற்று உள்ளேயும் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நம் அணி சென்று, ஒரு பாடவேளை அளவுக்குச் சாகச நிகழ்ச்சி நடத்துகிறது. ஆறு வீரர்கள், இரண்டு பயிற்றுநர்கள், குட்டியானை என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டியில் பிரித்து ஏற்றிய ஒரு சறுக்குமேடை, சில பிளைவுட் பலகைகள், ஒரு ஒலிபெருக்கி, பழைய தலைக்கவசங்கள் நிறைந்த இரண்டு சாக்கு மூட்டைகள் ஆகியவையே நம் முழுச் சொத்து. நிகழ்ச்சி முடிந்தபின் விரும்பும் மாணவர்களை ஸ்கேட்போர்டுப் பலகையில் ஏற்றிக் கைபிடித்து உருட்டிப் பழக்குகிறோம். போகும்போது இரண்டு பலகைகளை உடற்கல்வி ஆசிரியரிடம் விட்டுவிட்டு வருகிறோம்.

ஒரு பள்ளிக்கு நாள் குறிப்பது எவ்வளவு கடினம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அறிவதில்லை. ஜூனில் பள்ளி திறந்தவுடன் பாடநூல் வழங்கலும் மாணவர் சேர்க்கையும் முடிய வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். பொங்கல் கழிந்ததும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திருப்புதல் தேர்வுகளுக்குள் போய்விடும். எஞ்சுவது ஜூலையும் ஆகஸ்டும், ஜனவரியின் பிற்பாதியும் மட்டுமே. இதற்குமேல், சென்னை அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு சர்ச்சையான 2024 செப்டம்பருக்குப் பிறகு பள்ளி நிகழ்ச்சிகளில் வெளியாரை அனுமதிப்பதில் எல்லாத் தலைமையாசிரியர்களும் கூடுதல் எச்சரிக்கை காட்டினார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அனுமதிக் கடிதத்துக்காக நம் துணைச் செயலாளர் நடந்த நடைக்கு ஒரு ஜோடிச் செருப்பைச் சங்கமே வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் அடுத்த சிக்கல் தரை. நம் விளையாட்டுக்கு வேண்டியது வழுவழுப்பான சிமென்ட். பள்ளிகளில் இருப்பதோ செம்மண் மைதானம். கூடைப்பந்துத் தளம் உள்ள பள்ளிகள் சிலவே. மற்ற இடங்களில் காலை வழிபாட்டு மேடை, சைக்கிள் நிறுத்துமிடம், மதிய உணவுக்கு வரிசை நிற்கும் தாழ்வாரம் என்று எது கிடைக்கிறதோ அதிலேயே ஆட வேண்டியிருக்கிறது. கடினமான சக்கரம் கரடான சிமென்டில் ஒரு சிறு கல்லைச் சந்தித்தாலே நின்றுவிடும். பலகை நிற்கும், ஆள் நிற்க மாட்டார். எனவே இந்த ஆண்டு முதல் சாகசத்துக்குக் கடினச் சக்கரமும், மாணவர் பயிற்சிக்கு அகலமான மென்சக்கரமும் எனப் பலகைகளை இரண்டாகப் பிரித்துவிட்டோம். நிகழ்ச்சிக்கு முன் தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது அணியில் மூத்தவரின் வேலை என்றும் விதி செய்தோம். மூத்தவரே பெருக்குவதைப் பார்த்த ஒரு பள்ளி மாணவர்கள் தாங்களாகவே துடைப்பம் எடுத்துவந்தது இந்த ஆண்டின் இனிய காட்சிகளுள் ஒன்று.

கடற்காற்றில் துருப்பிடிக்கும் பேரிங்குகள் பற்றி ஒவ்வோர் ஆண்டும் புலம்புகிறோம். நம் சக்கரங்களுக்குள் பொருந்தும் 608 என்ற எண்ணுள்ள பேரிங் சாதாரண இயந்திர உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கிறது என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொண்டால், பெட்டியில் அடைத்து விற்பதை அதிக விலை கொடுத்து வாங்கும் செலவு மிச்சமாகும்.

ஆகஸ்ட் மாதப் பயணத்துக்குப் பாரிஸ் ஒலிம்பிக் பெரிதும் உதவியது. டோக்கியோவில் 2021இல் முதன்முறை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இந்த விளையாட்டு, பாரிஸில் நாம் பள்ளிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த அதே நாட்களில் நடந்தது. படிகளிலும் கைப்பிடிகளிலும் ஆடும் மகளிர் தெருப்பிரிவில் ஜப்பானின் கோகோ யோஷிசாவாவும், வளைவான குழித்தளத்தில் ஆடும் பூங்காப் பிரிவில் ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூவும் தங்கம் வென்றார்கள். இருவருக்கும் வயது 14. சீனாவின் ஜெங் ஹாவ்ஹாவ் போட்டியிட்டபோது அவருக்குப் 12 வயதுகூட நிறையவில்லை. இதை ஒலிபெருக்கியில் சொன்னவுடன் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும். தங்கம் வென்றவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயதுடையவர்கள் என்றால், பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேறுவிதமாகக் காதில் விழுகிறது. நம் அறிவிப்பாளர் இதை ஒரே நிகழ்ச்சியில் மூன்று முறை சொல்வதை மட்டும் அடுத்த ஆண்டு குறைத்துக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியில் மாணவர்களை அதிகம் கவர்வது உயரமான சறுக்குமேடை தாவல் அன்று. கையால் தொடாமலே பலகையோடு மேலே எழும்பும் ஆலிதான். காலில் பசை தடவியிருக்கிறீர்களா, காந்தம் வைத்திருக்கிறீர்களா என்று பள்ளிதோறும் கேட்கிறார்கள். ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஒருவர் நம் பயிற்றுநரிடமிருந்து பலகையை வாங்கி, அதை மேசைமேல் வைத்து, பத்தாம் வகுப்பின் முதல் பாடமான இயக்க விதிகளை அங்கேயே நடத்தினார். பின்காலால் பலகையின் பின்முனையான வாலை மிதித்தால் பின்சக்கரம் சுழல்மையமாகி முன்பகுதி எழுகிறது, இது திருப்புத்திறன். வால் தரையில் அறைபட்டுத் துள்ளுகிறது, இது எதிர்வினை. மேலேறும் முன்கால் பலகையின் சொரசொரப்பான தாளில் உரசி அதை இழுத்துச் சமன்செய்கிறது, இது உராய்வு. 1970களின் இறுதியில் ஃபுளோரிடாவின் வளைதளங்களில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற இளைஞர் கண்டுபிடித்த அசைவு இது. அவருடைய செல்லப்பெயரே அதற்கும் பெயரானது. அதைச் சமதரையில் செய்துகாட்டியவர் ராட்னி முல்லன். இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் அதைப் பாடமாக்கலாம் என்பது அந்த ஆசிரியைக்குத்தான் தோன்றியது. அவர் விளக்கத்தை அவருடைய அனுமதியுடன் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, சொல்ல விரும்பாத ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. ஜூலை மாதத்தில் ஒரு பள்ளியில் நிகழ்ச்சி முடிந்து நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்துக்கொண்டு போய், சக்கர நாற்காலிக்காகக் கட்டப்பட்ட சாய்தளத்தின் உச்சியிலிருந்து அதன்மேல் ஏறி நின்றிருக்கிறான். விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நிகழ்ச்சிக்கு முன் கவசமின்றி யாரும் ஏறக்கூடாது என்று நாம் அறிவித்திருந்தோம் என்பது உண்மை. ஆனால் நாற்பது நிமிடம் ஆசையைத் தூண்டிவிட்டு, தூண்டிய பொருளைக் காவலின்றிச் சுவரில் சாய்த்து வைத்தவர்களும் நாமே. அன்று பலகைகளை எண்ணி மூட வேண்டிய பொறுப்பு என்னுடையது. நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பையனின் தாயார் மருத்துவமனையில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உங்க பிள்ளைகளுக்கெல்லாம் கையில காலில கட்டியிருந்தீங்களே, எம்பிள்ளைக்கு மட்டும் ஏன் சார் கட்டல?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. சிகிச்சைச் செலவைச் சங்கம் ஏற்றது. அன்று முதல், கடைசித் தாவல் முடிந்தவுடன் பலகைகள் எண்ணப்பட்டு, பூட்டிய பெட்டிக்குள் போன பிறகே சறுக்குமேடையின் முதல் திருகு கழற்றப்படுகிறது.

பெண் பிள்ளைகள் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் சில பள்ளிகளில் நம் அணியில் ஆண்கள் மட்டுமே சென்றார்கள். மாணவிகள் நன்றாகக் கைதட்டினார்கள், ஆனால் பயிற்சி நேரத்தில் பலகைப் பக்கம் வரவில்லை. துப்பட்டா, பாவாடை, வெறுங்கால், அண்ணன்மார் பார்ப்பார்கள் என்ற கூச்சம் எனக் காரணங்களை நாமே அடுக்கிச் சமாதானம் அடைந்தோம். பிறகு நம் இரு தங்கைகளும் அணியில் சேர்ந்தபோது அந்தக் காரணங்கள் பாதிக்கு மேல் காணாமற்போயின. மீதிப் பாதிக்கு மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்திலுள்ள ஜன்வார் கிராமத்திலிருந்து ஒரு விதியைக் கடன் வாங்கினோம். 2015இல் அங்கே கட்டப்பட்ட ஸ்கேட் பூங்காவில் இரண்டு விதிகள்தான்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பலகை முதலில் பெண்களுக்கு. ஆதிவாசிக் குழந்தைகளும் யாதவக் குழந்தைகளும் ஒன்றாகப் புழங்காத ஊரில் அந்த இரண்டு விதிகள் செய்த வேலையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாமும் பயிற்சியின் முதல் கால் மணி நேரம் மாணவிகளுக்கு மட்டும் என்று அறிவிக்கத் தொடங்கினோம். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். செருப்போடு வருபவர்களுக்காகப் பல அளவுகளில் கான்வாஸ் காலணிகளையும் இப்போது கொண்டுபோகிறோம். இந்தச் சிறு செலவைப் பொதுக்குழு கேள்வியின்றி ஏற்க வேண்டுகிறேன்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, நம் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது. சறுக்குமேடையின் அடிப்பலகைகள் உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் 1976–77இல் வந்த வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றியதால்தான் அங்குள்ள இளைஞர்கள் அவற்றின் வளைவுகளில் ஏறி ஆடி இந்த விளையாட்டுக்குப் புது உருவம் கொடுத்தார்கள் என்பது வரலாறு. அவர்களுக்கு வறட்சி வாய்த்தது, நமக்கு வாய்த்தது வங்கக்கடல். மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் பூசும் நம் உறுப்பினர் ஒருவர் கூலி வாங்காமல் புதிய பலகைகளின் அடிப்புறம் முழுவதும் பூசித் தந்தார். மேடை முன்பைவிட கனமாகிவிட்டது, தூக்குபவர்கள் முனகுகிறார்கள், ஆனால் இனி அது படகாகவும் மிதக்கும்.

ஜனவரியில் மீண்டும் புறப்பட்டபோது, புதிய பள்ளிகளைத் தேடுவதற்குப் பதிலாக, முந்தைய ஆண்டுகளில் சென்ற பள்ளிகளைப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். உண்மையைச் சொன்னால் அது தீர்மானம் அன்று, அனுமதி எளிதில் கிடைத்த பள்ளிகள் அவைதாம். அங்கே கண்டது என் கணக்கைப் புரட்டிப் போட்டது. ஒரே ஒருமுறை சென்றிருந்த பள்ளிகளில், நாம் விட்டுவந்த பலகைகள் உடற்கல்வி அறையின் பீரோவில், காற்றுப்போன கால்பந்துகளுக்கு மேல் பத்திரமாக இருந்தன. சில பலகைகளில் விலைச்சீட்டுகூட உரிக்கப்படவில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஆசிரியர்கள் அஞ்சினார்கள், அந்த அச்சம் நியாயமானது. நம் பயிற்றுநர் வீட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டில் பலமுறை தற்செயலாக எட்டிப்பார்த்த ஒரு பள்ளியில் மட்டும், இரண்டு பலகைகளும் தேய்ந்து, வால் சிதைந்து, சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தன. அங்கே ஏழு பிள்ளைகள் ஆலி போடுகிறார்கள். அவர்களில் நால்வர் மாணவிகள். அந்தப் பள்ளியில் நாம் சாகச நிகழ்ச்சி நடத்தியதே ஒருமுறைதான், அதுவும் மழைத் தூறலில் பாதியில் நின்றுபோனது.

சென்ற ஆண்டறிக்கையில் எத்தனை பள்ளிகளுக்குச் சென்றோம் என்ற எண்ணைப் பெருமையோடு வாசித்தவன் நான். இந்த ஆண்டு அந்த எண்ணை வேண்டுமென்றே இங்கே வாசிக்கவில்லை. கேட்பவர்களுக்கு நிகழ்ச்சிப் பதிவேட்டைக் காட்டுகிறேன். செயற்குழுவில் இதுபற்றி இரு கருத்துகள் உள்ளன. அதிகப் பள்ளிகளுக்குப் போனால்தான் நன்கொடையாளர்கள் நம்மைக் கவனிப்பார்கள், 2026இல் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் நடக்கவுள்ள ஆசிய விளையாட்டுகளை ஒட்டி எழும் ஆர்வத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒரு தரப்பு. அதில் பணப்பக்கம் உண்மை இருக்கிறது, பொருளாளரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் என் நிலைப்பாடு வேறு. எனவே கீழ்க்கண்டதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்:

வரும் ஆண்டில் பள்ளிப் பயண அணி ஐந்து பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு முறை செல்ல வேண்டும். சாகச நிகழ்ச்சி முதல் வருகையில் மட்டும் நடக்கும், மற்ற மூன்றும் பயிற்சிக்கே. விட்டுவரும் பலகை உடைந்தால் பள்ளியைக் கேட்காமல் சங்கமே மாற்றித் தரும் என்று தலைமையாசிரியருக்கு எழுத்தில் உறுதி அளிக்கப்பட வேண்டும்.

விவாதத்துக்குப் பின் வாக்கெடுப்பு நடத்துமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அனுமதி அளித்த தலைமையாசிரியர்களுக்கும், மைதானத்தில் நம்மோடு வெயிலில் நின்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், டீசல் விலை ஏறியபோதும் வாடகை ஏற்றாத வண்டி ஓட்டுநர் அண்ணனுக்கும் சங்கத்தின் நன்றி. மணிக்கட்டு முறிந்த மாணவன் கட்டுப் பிரித்துவிட்டான். சென்ற மாதம் தன் தாயாரோடு நம் பயிற்சித் தளத்துக்கு வந்து, உறுப்பினர் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடம் நிரப்பப்பட்டு அது இன்னும் திரும்பி வரவில்லை.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்