செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு பதினொரு முறை பறவை பார்க்கப் போனோம். கூந்தன்குளம், விஜயநாராயணம், நயினார்குளம், ராஜவல்லிபுரம் என்று நமக்குப் பழகிய குளங்கள்தான். வரித்தலை வாத்தும் பூநாரையும் நீலச்சிறகியும் வழக்கம்போல வந்தன, நாமும் வழக்கம்போல எண்ணினோம். பொங்கல் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டோம். பட்டியல்களை இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது. இந்தப் பதினொன்றில் எதிர்பாராத பறவை ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்கிய மூன்றும் பைனாகுலர் இல்லாதவர்கள் கண்ணில்தான் பட்டன.

முதலாவது ஆனி மாதத்தில். நாலு நாளாகக் காற்று சுழற்றியடித்துக்கொண்டிருந்தது. சுரண்டைப் பக்கம் கத்தரித் தோட்டம் வைத்திருப்பவர் போன் செய்தார். “சார், கடல்காக்கா மாதிரி ஒண்ணு வரப்புல உக்காந்திருக்கு. விரட்டினாலும் போகமாட்டேங்குது.” சுரண்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், கரிச்சானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் சூட்டி டெர்ன்! ஆலா இனம். முதுகு முழுக்கக் கரி, வயிறு வெள்ளை, நெற்றியில் யாரோ திருநீறு பூசிவிட்டதுபோல ஒரு பட்டை. முட்டையிடத் தீவுகளுக்குப் போகிற காலம் தவிர மற்ற நாளெல்லாம் நடுக்கடலிலேயே திரிகிற பறவை இது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து தள்ளி, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி முனைபோலக் குத்தியது. எத்தனை நாள் பட்டினியோ. பிஸ்கட் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து வனத்துறையிடம் ஒப்படைத்தோம். மறுநாள் காலையில் இறந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஆறுமணிக்குருவி. ராத்திரியில் பறந்து வலசை வருகிற குருவி, விடியும்போது களைத்து ஜன்னல் கண்ணாடியில் மோதியிருக்கிறது. இதை அரிது என்று சொல்ல முடியாது. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் வருஷா வருஷம் வருகிறது. புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டு திரிவதால் கண்ணில் படுவதுதான் அரிது. பிள்ளைகள் அதன் நிறங்களை எண்ணிச் சண்டை போட்டார்கள். இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்திருந்துவிட்டு விட்டோம், பறந்துபோய்விட்டது.

மூன்றாவது அமுர் வல்லூறு. கார்த்திகை மழை விட்ட மறுநாள், தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் சொல்லியனுப்பினார்: “ஈசலுக்கு வல்லூறு வந்திருக்கு, காலெல்லாம் செவப்பு.” அமுர் வல்லூறின் அடையாளமான சிவந்த காலைச் சொல்லியிருக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். மின்கம்பியில் ஏழு பறவைகள். ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஈசலைக் காலால் பிடித்து, பறந்தபடியே தின்றன. சைபீரியாவின் கிழக்கிலிருந்தும் வடசீனத்திலிருந்தும் கிளம்பி, நாகாலாந்து வழியாக வந்து, கடல் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகிற கூட்டம். 2012-இல் நாகாலாந்தில் ஆயிரக்கணக்கில் வலை போட்டுப் பிடித்தார்கள். அடுத்த வருஷமே அந்த ஊர்க்காரர்களே காவல் நின்றார்கள்.

நாம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே இடத்தைக் குழுவில் போட்டது நான்தான். விடிந்தபோது கிடையைச் சுற்றி ஒன்பது கார்கள். ஆடுகள் மிரண்டு பட்டியை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டன. பெரியவர் திட்டியதை அறிக்கையில் எழுத முடியாது. இனி பறவை கிளம்பிப் போகும்வரை இடத்தைச் சொல்லக்கூடாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அப்புறம், அழிவின் விளிம்பில் இருக்கிற கானமயில் என்று வந்த தகவல் வெறும் பெண்மயில்தான். தகவல் தந்த உறுப்பினர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி யார் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானம் வைக்கிறேன். ‘வித்தியாசமான பறவை கண்டால் கூப்பிடுங்கள்’ என்று சிறு நோட்டீஸ் அடித்து டீக்கடைகளிலும் உரக்கடைகளிலும் ஒட்ட வேண்டும். போன் நம்பர் என்னுடையதே. காலை ஐந்து மணிக்கு முன் அழைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதையும் நோட்டீஸில் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் கேட்கிறேன்.