மொழியின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஈரானிய சினிமா பற்றிய கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். அதில் பஹ்மான் கோபாதியை 'ஈரான் இயக்குநர்' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது வருத்தமாக இருந்தது. அவர் பிறந்த ஊரான பானே ஈரானில்தான் இருக்கிறது, சரி. ஆனால் அவரை உலகம் கவனிக்க வைத்த படங்களில் மக்கள் பேசுவது குர்திஷ். துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று பிரிந்து வாழும் குர்துகளுக்குத் தனிநாடு கிடையாது. அதனால் அவர்களுடைய படங்கள் வேறு நாடுகளின் பெயரிலேயே விழாக்களுக்குப் போகின்றன. நாமாவது குர்திஷ் சினிமா என்று சொல்லலாமே.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால் பலரும் 'யோல்' என்பார்கள். துருக்கியின் குர்து இயக்குநர் யில்மாஸ் குனே சிறையிலிருந்தபடி எழுதிக்கொடுக்க, ஷெரிஃப் கோரென் படமாக்கினார். குனே தப்பி வெளிநாடு போய்ப் படத்தொகுப்பை முடித்தார். 1982இல் கான் விழாவின் உயரிய விருதைப் பகிர்ந்துகொண்ட அந்தப் படத்தை 1999 வரை துருக்கியில் திரையிட முடியவில்லை. பெரிய படம்தான். ஆனால் குர்திஷ் ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. பாத்திரங்கள் பெரும்பாலும் துருக்கிய மொழியே பேசுகிறார்கள். குர்திஷ் காதில் விழுகிற படத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

அப்படியானால் கோபாதியின் 'எ டைம் ஃபார் டிரங்கன் ஹார்சஸ்' (2000). பெற்றோரை இழந்த சிறுவன் அயூப், நோயாளிச் சகோதரன் மாதியின் அறுவைச் சிகிச்சைக்காகப் பனிமலை வழியே எல்லை தாண்டிச் சரக்கு சுமக்கிறான். குளிர் தாங்குவதற்காகக் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீரில் சாராயம் கலந்து கொடுக்கிறார்கள். ஆபத்து வரும் நேரத்தில் அவை போதையில் எழ முடியாமல் கிடக்கின்றன. மாதிக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னதை நம்பி அக்கா ரோஜின் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் மாதியை ஏற்க மறுத்து, பதிலுக்கு ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் காட்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம்.

அப்புறம் அவருடைய 'டர்டில்ஸ் கேன் ஃப்ளை' (2004) பாருங்கள். 2003 இராக் போருக்குச் சற்று முன், கண்ணிவெடிகளைத் தோண்டி விற்றுப் பிழைக்கும் அகதிச் சிறுவர்களின் கதை; மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார வேண்டும். கொஞ்சம் சிரிக்கவும் வேண்டுமென்றால் ஹினெர் சலீமின் 'வோட்கா லெமன்' (2003) இருக்கிறது. ஆர்மீனியாவில் பனி மூடிய யஸீதி சமயத்தைச் சேர்ந்த குர்துகளின் ஒரு கிராமம். வறுமைக்கு நடுவே முதிய வயதில் ஒரு காதல்.

இனி உலகப் படங்களின் பட்டியல் வெளியிடும்போது நாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே மொழியின் பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்