மேக்கப்போடு தூங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி மண்டபங்களில் ரிசப்ஷன் முடிய நள்ளிரவாகிவிடுகிறது. களைப்பில் மணப்பெண் மேக்கப்போடு படுத்துவிடுகிறார். விடிந்ததும் முகூர்த்தத்துக்கு அதன்மேலேயே இன்னொரு பூச்சு! ஃபவுண்டேஷனும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தோலின் துவாரங்களை அடைத்துப் பருவைக் கிளப்பும். கண் மை இமையோரச் சுரப்பிகளை அடைத்தால் கண் உறுத்தும், கட்டியும் வரலாம்.

வாட்டர்ப்ரூஃப் மேக்கப் வெறும் தண்ணீருக்கு அசையாது. அழுத்தித் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். கையைக் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றுங்கள். மேக்கப்பைக் கரைக்கும் கிளென்சிங் ஆயிலில் நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் 20, 30 விநாடி வைத்திருந்து, கீழ்நோக்கி மெல்லத் துடையுங்கள். அடுத்து முகத்தையும் அதேபோல் துடையுங்கள். பிறகு மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள்; வெந்நீர் மட்டும் வேண்டாம். நெற்றி முடியோரம், மூக்கு மடிப்பு, தாடைக்கு அடியில், கழுத்து ஆகியவைதான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் போடுங்கள். தேங்காய் எண்ணெயும் மேக்கப்பைக் கரைக்கும், ஆனால் பரு வரும் முகத்துக்கு ஆகாது.

ஸ்டிக்கர் பொட்டையும் இரவில் எடுத்துவிட வேண்டும். பசையிலுள்ள சில வேதிப்பொருட்களால் சிலருக்கு அந்த இடம் வெளுத்துப்போகிறது. அரிப்பு தெரிந்தாலே அந்தப் பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

- அழகுக்கலைப் பயிற்றுநர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.